வாசற்படியில் இரண்டு வினாடி

ஒன்று, இரண்டு, மூன்று என்று செல்வப்பிரியாவின் உதடுகள் அசைகின்றன. கோயில் வாசலுக்கு உட்புறம் சுண்ணாம்பால் ஒரு மீட்டர் சதுரம் போட்டிருக்கிறாள். அதற்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் எண்ணிக்கை. நான்கு வரை முகத்தில் ஒன்றும் தெரியாது. ஐந்தானால் கட்டைவிரல் நகம் பல்லுக்குப் போய்விடும்.

கோவையில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். கூட்டம் எப்படி நகரும் என்பதைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. திரையில் ஆட்களெல்லாம் புள்ளிகள். "இவ கல்யாணத்துக்குப் போனாப் பொண்ணு மாப்பிளயப் பாக்க மாட்டா. கதவு எத்தன, எந்தப் பக்கம் தொறக்குதுன்னு பாப்பா" என்பார் அம்மா நாச்சம்மாள்.

கேரள எல்லையில், பெருமாட்டிப் பக்கத்தில் அவர்கள் ஊர் மாரியம்மனுக்கு நாளை திருவிழா. ஏழாயிரம் பேர் வருவார்கள். வெளியேற எட்டடி வாசல் ஒன்றுதான். திரையில் புள்ளிகள் சுலபமாக வெளியே போய்விட்டன. "ஒண்ணும் ஆகாதுங்ணா" என்று கமிட்டித் தலைவர் பொங்கியண்ணனிடம் அவளே சொல்லியும் விட்டாள்.

போன வெள்ளிக்கிழமைதான் கண்ணில் பட்டது. இந்த ஊரில் யாரும் நேரே வெளியேறுவதில்லை. படியில் நின்று, திரும்பி, ஆத்தாளை இன்னொரு தரம் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். அதனாலேயே கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை. ஆளுக்கு இரண்டு வினாடி கூட்டி மறுபடி ஓட்டினாள். வாசலருகே புள்ளிகள் நெருக்கியடித்துத் திரை சிவந்து போயிற்று. மறுநாளே பொங்கியண்ணனிடம் போய் நின்றாள்.

"திரும்பாமப் போங்கன்னு சொல்ல முடியுங்களாண்ணா?"

"ஏன் அம்மிணி, ஆத்தாளுக்கு முதுகக் காட்டீட்டுப் போறதுக்கு நாமென்ன வேலந்தாவளம் சந்தை மாடா?"

"மாடா இருந்தாப் பயமே இல்லீங்ணா. அது நடுவழில நின்னு கும்பிடாது."

பொங்கியண்ணன் வெடித்துச் சிரித்தார். ஆனாலும் வாசலுக்கு வெளியே முப்பதடி தள்ளி, மைதானத்தில் அம்மன் படமும் கற்பூரத் தட்டும் வைக்கச் சம்மதித்தார். "அங்க கும்பிடச் சொல்லி நானே மைக்குல சொல்லீர்றன், போ."

இன்று உச்சி பூசையில் ஒத்திகை. அவர் சொல்லச் சொல்ல, நூறு பேரில் அறுபத்து மூன்று பேர் படியிலேயே நின்றார்கள். அறுபத்து நான்காவதாக நின்று திரும்பியவர், மைக்கும் கையுமாகப் பொங்கியண்ணன்.

"கால் தானா நின்னுருச்சு அம்மிணி" என்று அசடு வழிந்தார்.

"நாளைக்கு ஏழாயிரம் பேருங்ணா." அவள் சிரிக்கவில்லை.

எல்லோரும் போனபின் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். படியில் கால் நின்றது. திரும்பினாள், கும்பிட்டாள். பிறகு குறிப்பேட்டைப் பிரித்து, அறுபத்து நான்கு கோடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டாள்.