கலோடன் பொட்டலில் எஃபி எடுத்த சங்கீதம்

இன்வர்னஸைச் சுற்றியுள்ள தெருக்களில் எஃபி மெக்காஸ்கில்லைத் தெரியாத பூனை கிடையாது. மனிதர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வெள்ளை மீன் வண்டி, அதன் தலையில் ஒரு ஒலிபெருக்கி. "ஹாடக் வந்திருக்கு, புகை போட்ட ஹாடக் வந்திருக்கு, கதவத் தொறங்க கண்ணுங்களா!" என்று அவள் கூவினால் கடைசி வீட்டுக் கிழவரும் செருப்பைத் தேடுவார். லூயிஸ் தீவில் பிறந்தவள். லாக்லன் என்கிற தபால்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. தீவை விட்டு வரும்போது அவள் கொண்டுவந்தது ஒரு பெட்டியும், கேலிக் மொழியும், தீவுக் கோயிலில் பாடிப் பழகிய பைபிள் சங்கீதங்களும்தான். பெட்டி எப்போதோ உடைந்துபோயிற்று.

போன ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹாடக்கின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. நினைவுநாள் நடத்தும் சங்கத்தின் செயலாளர் பேசினார். சனிக்கிழமை கலோடன் பொட்டலில் சங்கீதத்துக்கு அடியெடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எஃபி கத்தியைக் கீழே போட்டாள். பிறகு போட்டாளே ஒரு கூச்சல்! லாக்லன் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார்.

"யாருடி செத்தது?"

"யாரும் சாவல. சனிக்கெழம நான் எடுக்கப் போறேன்!"

"என்னத்த எடுக்கப் போற?"

"சங்கீதத்த! கலோடன்ல! வருசா வருசம் எடுக்குற டார்மட்டுக்குத் தொண்ட கட்டிக்கிச்சாம்!"

லாக்லன் சோப்பு நுரையோடு உட்கார்ந்துவிட்டார். சாதாரண விஷயமா அது? இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாயிற்று, அந்தப் பொட்டலில் பசியும் தூக்கமின்மையுமாக நின்ற மலைநாட்டுக் குலங்கள் அரசனின் படையோடு மோதி ஒரு மணி நேரத்துக்குள் மாண்டுபோய். அவர்களைப் புதைத்த மேடுகள் இன்னும் அங்கே இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜனம் கூடி நின்று, அவர்கள் பேசிய கேலிக் மொழியில் சங்கீதம் பாடும். பக்கவாத்தியம் ஏதும் இல்லை. ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். ஜனம் அதை வாங்கி, ஆளுக்கொரு வளைவாக இழுத்துப் பாடும். எஃபிக்கு நினைவு தெரிந்து அங்கே எடுத்துக் கொடுத்ததெல்லாம் ஆண்கள்தான்.

அதனால் அன்று மாலையே நல்ல மீனாக இரண்டு பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு டார்மட் வீட்டுக்குப் போனாள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தார் கிழவர். அவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். கோயிலிலும் சரி, பொட்டலிலும் சரி, எப்போதும் அடியாழத்தில்தான் எடுப்பார். ஆண்கள் அதில் ஆனந்தமாக மிதப்பார்கள். பெண்கள் பாடு திண்டாட்டம்தான். தொண்டைக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்கள். அன்று அந்தக் குரலும் போய் வெறும் காற்றுதான் வந்தது.

"பொம்பள எடுத்தா ஆம்பளைங்க வாங்க மாட்டாங்க," என்றார்.

"ஏன் ஐயா, காது கேக்காதா அவங்களுக்கு?"

"வாய்த் துடுக்கு மட்டும் கொறையல ஒனக்கு. கேட்டுக்க. நீ எடுத்து, ஜனம் வாங்கலன்னு வையி, அதுக்குப் பேரு சங்கீதமில்ல. ஒருத்தி பொட்டல்ல நின்னு காத்தப் பாத்துக் கத்துறது. செத்தவங்களுக்கே அது அவமானம்."

எஃபிக்குச் சுருக்கென்றது. கிழவர் சொன்னதில் பொய்யில்லை. அவள் பயமும் அதுதான். நன்றாகப் பாடிவிடலாம், பதில் வராவிட்டால்?

டார்மட்டின் மனைவி பெல்லாக் மீனை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். நாலு பேர் கூடின இடத்தில் ஒரு வார்த்தை உரக்கப் பேசாத மனுஷி. "அவரு கெடக்காரு, நீ போய் எடு," என்று கிசுகிசுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எஃபி யோசித்தாள். டார்மட் எடுக்கிற அதே ஆழத்தில் எடுத்துவிட்டால் ஆண்கள் பழக்கத்தில் வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்? சரி, அப்படியே ஆகட்டும். மறுநாள் முதல் வண்டிக்குள் அதே சாதகம். மோவாயை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, தொண்டையை இறக்கி இறக்கி, கன்றை இழந்த பசு மாதிரி. வியாழக்கிழமை ஸ்மித்தன் தெருவில் ஒரு சங்கீதத்தை முழுதும் பாடி முடித்துத் தலையை நிமிர்த்தினால், தெருவே வாசலில் நிற்கிறது. ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருக்கிறாள்!

"எஃபி, மீனுக்கா எழவு பாடுற?" என்றான் எதிர்வீட்டு லாரிக்காரன்.

"ஒனக்குத்தான்டா பாடினேன், நீ இன்னும் உசுரோட நிக்கிறியே!"

தெரு சிரித்த சிரிப்பில் அரை மணியில் மீன் முழுதும் விற்றுப்போயிற்று.

சனிக்கிழமை காலையில் ஓட்ஸ் கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கறுப்புக் கோட்டைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். "மீன் வாட அடிக்குதாங்க?" என்று லாக்லனைக் கேட்டாள். "அடிக்கலன்னா நீதான்னு எவனும் நம்ப மாட்டான்," என்றார் அவர். சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை இரண்டு தடவை கீழே போட்டார்.

பொட்டலில் ஆலங்கட்டியும் மழையுமாகக் கலந்து அடித்தது. ஏப்ரலில் அது அடிக்காவிட்டால்தான் அங்கே சனங்களுக்குச் சந்தேகம் வரும். குலப்பெயர் செதுக்கிய கற்களின் காலடியில் அதற்குள் பூக்கள் கிடந்தன. அந்தக் குலங்களின் வழிவந்தவர்கள் என்று கனடாவிலிருந்து வந்த கூட்டம் ஒன்று மடிப்புக் கலையாத புதுக் கட்டம் போட்ட மலைநாட்டுப் பாவாடைகளில் விறைத்துக்கொண்டு நின்றது. உள்ளூர்க்காரர்கள் புத்திசாலிகள், முழங்கால்வரை பூட்ஸ். சுற்றுமுற்றும் பார்த்தால் இருநூறு முந்நூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையில் டார்மட். கம்பளிக்கு மேல் இன்னொரு கம்பளி. அவரை அடுத்துக் கோயில் பெரியவர்கள் வரிசையாக, வாயைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டவர்கள் போல. பெல்லாக் புருஷனின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

போதகர் கேலிக்கில் ஜெபம் செய்தார். குலத்துக்கு ஒருவராகப் போய், நடுவிலிருந்த நினைவுக் கற்குவியலில் மலர்வளையம் சாத்தினார்கள். அப்புறம் பைக்குழல்காரர் ஒப்பாரியை ஊத ஆரம்பித்தார். ஐயோ, அந்தக் குழல்! எஃபிக்கு உச்சந்தலையில் மயிர் குத்திட்டது. கால் தரையில் நிற்கவில்லை. துக்கமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. நெஞ்சு மட்டும் பொங்கிப் பொங்கி வந்தது. செயலாளர் கண்ணைக் காட்டினார். எஃபி முன்னால் வந்து நின்றாள், வாயைத் திறந்தாள்.

மூன்று நாள் சாதகம் காற்றில் போயிற்று. இறங்க வேண்டிய குரல் ஒரேயடியாக ஏறிவிட்டது! குழல் ஊதிய சுருதி காதில் நின்றதோ, படபடப்போ, தெரியாது. முதல் அடி கடற்பறவை மாதிரி மேலே போய்விட்டது. பாடும்போதே அவளுக்குப் புரிந்தது. அடிப்பாவி, இந்த உயரத்தில் எந்த ஆம்பளை வாங்குவான்? எடுத்ததை நிறுத்தி மறுபடி எடுக்கவும் கூடாது. அப்படிச் செய்தவர்களை எங்கள் ஊரில் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள்.

அடி முடிந்தது. இனி ஜனம் வாங்க வேண்டும்.

ஒருவரும் வாங்கவில்லை. பெரியவர் ஒருவர் முயன்று, குரல் கீச்சென்று உடைந்து, இருமலாக்கி மழுப்பினார். மற்றவர்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். காற்றுதான் இரைந்தது. டார்மட் சொன்னபடியே ஆகிவிட்டதே! எஃபிக்கு அந்த மேடுகளில் ஒன்றில் தானும் படுத்துவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் டார்மட்டின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழும்பியது. அதே உயரத்தில், ஒரு நூல் பிசகாமல், கணீரென்று. பெல்லாக்! வாயை முழுக்கத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, அடியை வாங்கி வளைத்து வளைத்து இழுத்தாள். அடுத்த நொடி இடப்பக்கம் ஒருத்தி. பாதையோரம் குழந்தை வண்டியோடு நின்ற ஒருத்தி. பின்வரிசையில் நாலைந்து பேர். எத்தனை வருஷமாகத் தொண்டைக்குள் முணுமுணுத்தவர்களோ, அவ்வளவு பேருக்கும் அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிட்டது. பொட்டல் முழுவதும் பெண்கள் குரல், அலை அலையாக!

எஃபி இரண்டாம் அடியை எடுத்தாள். இந்த முறை வேண்டுமென்றே, அதே உயரத்தில். மூன்றாம் அடியில் ஆண்களுக்கும் பொறுக்கவில்லை. கீழே ஓர் இடம் தேடிப் பிடித்து, அந்தக் குரல்களுக்கு அடியில் வந்து சேர்ந்துகொண்டார்கள். கனடாக்காரர்கள் மொழி தெரியாமலே அழுதார்கள். லாக்லன் எஃபியைப் பார்த்துக் கையை ஆட்டினார், குதித்தாரென்றுகூடச் சொல்லலாம்.

முடிந்ததும் பெண்கள் எஃபியைச் சூழ்ந்துகொண்டு கட்டிப்பிடித்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டார்மட் வந்தார்.

"ரொம்ப ஒசரத்துல எடுத்துட்ட," என்றார் காற்றுக் குரலில்.

"தெரியும் ஐயா. படபடப்புல ஏறிப் போச்சு."

கிழவர் திரும்பிப் பார்த்தார். பெல்லாக் முகமெல்லாம் சிவந்து, யாரோ கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமாகி நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. ஞாயித்துக்கெழம தவறாம என் பக்கத்துலதான் நின்னு பாடுவா," என்றார். "அவ கொரல இன்னிக்குத்தான் கேட்டேன், எஃபி."