நாங்கள் மறுபடி அடைத்த கான்

எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் அம்மன் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஆள் இறங்கினால் இடுப்பளவு ஆழமுள்ள ஒரு கான், அதாவது வடிகால். கானைத் தாண்டினால் சதுப்புக்காடு. தங்காக் டவுனிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "இத வச்சிக்கிட்டு எப்படிங்க தூங்குறீங்க?" என்று கேட்பார்கள். எங்களுக்கும் அந்தக் காட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் தெரியாது. கொசு உண்டு, குரங்கு உண்டு, அவ்வளவுதான்.

தோட்ட வேலையிலிருந்து நின்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல், அந்தக் காட்டில் கன்று நடும் வேலைக்குப் போனேன். வேலையைப் பார்த்துக்கொண்டது ஒரு மலாய்க்காரப் பெண். என் மகள் வயது இருக்கும். என்னை மக்சிக் என்று கூப்பிடுவாள், பெரியம்மா என்கிற மாதிரி. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவளும் அதற்காக என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

ஒருநாள் நீளமான குழாயை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருந்ததை எடுத்துக் காட்டினாள். எல்லாம் கறுப்பு. மண் என்று சொல்வதற்கில்லை. விழுந்த இலையும் வேரும் முழுக்க மக்காமல் தண்ணீருக்குள்ளேயே காலங்காலமாகக் கிடந்து சேர்ந்தது. ஈரமாக இருக்கும் வரை அதிலுள்ள கரி அங்கேயே கிடக்கும் என்றாள். காய்ந்தால் வாயுவாகி வானத்துக்குப் போய் உலகத்தைச் சூடாக்குமாம். நெருப்புப் பிடித்தால் தரைக்கு அடியிலேயே மாதக்கணக்கில் எரியுமாம். அதனால்தான் காட்டுத் தண்ணீர் வடிந்துவிடாமல், கோயிலுக்குப் பின்னால் கான் வளையும் இடத்தில் பலகையும் மண் மூட்டையும் வைத்து அடைத்தோம். "ஜாங்கான் பூக்கா, மக்சிக்," என்றாள். திறந்துவிடாதீர்கள் என்று அர்த்தம். நான் ஏன் திறக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திறந்தது எங்கள் ஆட்கள்தான்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கானில் தண்ணீர் நின்றால் பொறுக்காது. அந்தக் காலத்தில் கான் அடைத்துக் கிடந்தால் கங்காணி அரைப் பேர்தான் போடுவார், அதாவது பாதி நாள் சம்பளம். பிறகு டிங்கிக் காய்ச்சல் பயமும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் ஓடினால்தான் எங்கள் ஆட்களுக்கு இடம் சுத்தம். பங்குனித் திருவிழாவுக்கு முன் கோயிலில் எல்லாரும் கூடித் துப்புரவு செய்த ஞாயிற்றுக்கிழமை, நான் தேத்தண்ணி வாளியோடு பின்பக்கம் போனேன். கான் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பலகைகளைக் கரையில் அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

என் கொழுந்தன்தான் கோயில் தலைவர். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பாருங்க அண்ணி, எவனோ மீன் பிடிக்க அடைச்சு வச்சிருக்கான். இப்ப எப்படி ஓடுது. இனி கொசு ஒன்னு வராது."

மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தது. இந்தத் தண்ணீரும் போய்விட்டால் காடு காய்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆண்கள் கூட்டத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. வாளியை வைத்தேன். அவர்கள் கொட்டிப்போட்ட உரச்சாக்கு ஒன்றை எடுத்து, அங்கே குவிந்திருந்த மண்ணைக் கையால் அள்ளி நிரப்பினேன்.

"அது குப்ப லா, அண்ணி. நாங்க தூக்கிப் போட்டுக்குறோம்."

நான் நிரப்பிக்கொண்டே இருந்தேன்.

"வெயிலு தலைக்கேறிடுச்சு போல," என்றார் பின்னால் ஒருவர். சிரித்தார்கள். மூட்டையை இழுத்துக்கொண்டு கைலியோடு கானில் இறங்கினேன். வைத்த மூட்டையைத் தண்ணீர் புரட்டிக்கொண்டு போனது. மறுபடியும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் வாயும் வந்தது.

"இது காட்டுத் தண்ணி. இது போயிட்டா காடு காஞ்சிடும். காஞ்சா பத்திக்கும். அப்புறம் தீமிதிக்கு நீங்க குழி வெட்ட வேண்டியதே இல்ல."

கொழுந்தன் பலகைகளைப் பார்த்தார். "இத யாரு அடைச்சது?"

"நாங்கதான்."

"அலமாக். முன்னாடியே சொல்றதுக்கு என்ன அண்ணி?"

வடைத் தட்டோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "அண்ணே, நீங்க என்னைக்கு மத்தவங்கள பேச விட்டிருக்கீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்தனும் சேர்ந்துகொண்டார். சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். இறங்கியதும் பழைய மண்டோர் குரல் வந்துவிட்டது. "சாக்கு கொண்டா. வரிசையா நில்லு. பேசிக்கிட்டே தூக்காத." மூட்டைகளைக் கைமாற்றினோம். பெண்கள் நாங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே போட்ட மண்ணைக் குதிகாலால் மிதித்து இறுக்கினோம். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் நின்றது. போனது போனதுதான், மிச்சம் தங்கியது. அந்த வாரமே ஒரு மழை பெய்தது. அதுவும் எங்கும் போகவில்லை.

பிறகு ஒரு சொட்டு இல்லை. அப்போதுதான் காட்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு செம்பனைத் தோப்பில், வெட்டிப் போட்ட மட்டைக்கு யாரோ நெருப்பு வைத்தார்கள். நெருப்பு தரைக்குள் இறங்கிவிட்டது. புகைமூட்டத்தில் கோயில் கோபுரமே தெரியவில்லை. தீயணைக்கும் பொம்பா வண்டிகள் வந்தன. தோப்புப் பக்கத்துக் கான்களில் நாய் குடிக்கத் தண்ணீர் கிடையாது. தீயணைப்புக்காரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு எங்கள் கானுக்கு வந்தார்கள். அது விளிம்பு வரை நிறைந்து நின்றது.

கொழுந்தன் ஒவ்வொரு பொம்பாக்காரரிடமும் போய் மலாயில், "இது நாங்க கட்டின தண்ணி," என்றார். மழையையும் அவரே பெய்ய வைத்தது போல் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரி என்னை இடித்தாள். "நீங்க போய்ச் சொல்லுங்கக்கா." நான் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். தண்ணீர் குழாய்க்குள் ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அதுவே போதும்.

புகை அடங்கியதும் அந்த மலாய்க்காரப் பெண் எங்களை நெருப்பு நின்ற இடத்துக்குக் கூட்டிப்போனாள். தோப்புப் பக்கம் எல்லாம் சாம்பல். செம்பனைகள் கறுத்து நின்றன. எதிரே பார்த்தால் காடு பச்சையாக இருந்தது. இடையில் சாம்பல் ஒரு கோடு போல முடிந்திருந்தது. நெருப்பு ஈரம் வரை வந்து, அதற்கு மேல் போக முடியாமல் செத்திருக்கிறது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோட்டைத் தாண்டி நான் முதலில் கால் வைத்தேன். கணுக்கால் வரை சேறு, சில்லென்று. காலை உருவினேன். செருப்பு வரவில்லை.

"அண்ணி, செருப்பு போச்சா? இருங்க, நான் எடுக்குறேன்."

"கெடக்கட்டும்," என்று சத்தமாகவே சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காட்டுக்குள் நடந்தேன்.