மோப்பக்காரி போட்ட வட்டம்

மோப்பக்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் தங்கை மகன் வீட்டில் புது சோபா வந்து இறங்கிய அன்று. "மோப்பக்காரி பாத்து விட்ட தோல், பெரியம்மா. கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க" என்றான். ஏதோ வளர்க்கிற நாயைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். விசாரித்தால், அவள் என் ஓரகத்தியின் அண்ணன் மகள்!

சோபா பட்டறையில் தோல் வந்து இறங்கினால் முதலில் அவள் மூக்குக்குத்தான் போகும். மேல்தோலா, அடித்தோலுக்குச் சாயம் பூசியதா, தோல் தூளைப் பசைபோட்டு அழுத்திய ஒட்டுத்தோலா, வெறும் ரெக்சினா என்று ஒரே இழுப்பில் சொல்லிவிடுவாள். நல்ல மேல்தோல் என்றால் பின்புறத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் விழுந்ததை அதற்குமேல் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் பட்டறையில் அதுதான் வழக்கம்.

ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தாள். நாலாம் நாள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவளை மகள் வந்து உலுக்கினாள்.

"அம்மா! பால் தீஞ்சு வீடே நாறுது. பக்கத்துல நின்னுக்கிட்டு என்ன பண்றே?"

அவளுக்கு ஒன்றுமே நாறவில்லை.

வெளியே மூச்சு விடவில்லை. கண்ணில் புரை விழுந்த தையல்காரரை முதலாளி, "வீட்ல இருந்து ரெஸ்ட் எடுங்க அண்ணே" என்று சிரித்த முகமாகவே அனுப்பி வைத்ததைப் பார்த்தவள் அவள். அவள் சம்பளத்தை நம்பித்தான் வீடே ஓடுகிறது. பெயருக்குத் தோலை மூக்கருகே கொண்டுபோவாள்; கட்டைவிரலால் அழுத்திச் சுருக்கம் பார்த்து, யாரும் பார்க்காதபோது ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஊறுகிறதா என்று பார்த்து, மூன்று மாதம் ஓட்டினாள்.

அப்புறம்தான் அந்தச் சரக்கு வந்தது. எப்போதும் முழுத்தோலாக வரும். கழுத்தும் வயிறுமாகக் கோணல்மாணலான அந்த உருவமே பாதி சொல்லிவிடும். இந்த முறை வந்ததோ அளவுக்கு வெட்டிய துண்டுகள். அழுத்தினாள், சுருங்கியது. திருப்பினாள், பின்புறம் சொரசொரவென்று தோல் மாதிரியே இருந்தது. முதலாளியும் சோபா வாங்க வந்த வக்கீலும் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். தண்ணீர் வைக்க வழியில்லை. முகர்வதுபோல் முகர்ந்து, தலையை ஆட்டி, எல்லாத் துண்டிலும் வட்டம் போட்டாள்.

மூன்றாம் நாள் சோபாக்கள் தயாராகி லாரிக்குக் காத்திருந்தன. மத்தியானம் அவள் கொழுந்தன், அங்கே தோல் வெட்டுகிறவன், மிஞ்சிய துண்டு ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணி, உங்க மேல்தோல் பிஸ்கட் மாதிரி பிட்டுக்கிட்டு வருது?"

வாங்கி இழுத்துப் பார்த்தாள். பட்டென்று கிழிந்தது. கிழிந்த ஓரத்தில் ஒரு நார் இல்லை, வெறும் தூள்.

"தம்பி, இது ஒட்டுத்தோல்."

"விளையாடாதீங்க. வட்டம் போட்டது நீங்கதானே?"

"எனக்கு மூணு மாசமா மோப்பமே இல்ல."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவா பேசுங்க! தையல்காரர் கதை மறந்துபோச்சா? உரிஞ்சு வர ரெண்டு வருஷம் ஆகும். அப்ப வெயில்ல போட்டு வெச்சிட்டீங்கன்னு அந்த வக்கீல் மேலயே கேஸைத் திருப்பிடலாம்."

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. அழிக்கலாம் என்றால் வட்டங்கள் எல்லாம் சோபாவுக்குள்ளே போய்விட்டன. முதல் சோபாவைத் தூக்கிவிட்டார்கள். கால் பின்னப் பின்ன ஓடினாள்.

"மொதலாளி, ஏத்தாதீங்க. அது மேல்தோல் இல்ல."

"நீதானம்மா மோந்து பாத்தே?"

"மோந்தேன். தெரியல. எதுவுமே தெரியறதில்ல."

அவர் நம்பவில்லை. பாலிஷ் டப்பாவை எடுத்து, "கண்ணை மூடு. இது என்ன?" என்று மூக்கடியில் நீட்டினார். பட்டறையே மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"எண்ணெயா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி டப்பாவை மெதுவாக மூடினார். லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று. "நாளைக்கு வா, பேசலாம்" என்றார், தையல்காரரை அனுப்பிய அதே சிரித்த முகத்தோடு.

மறுநாள் அவள் மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். நாரைக் கிளறிப் பார்க்க ஊசியும், சொட்டு வைக்கத் தண்ணீர்க் கிண்ணமும் எதிரே இருந்தன. முதலாளி பின்கட்டைக் கை காட்டினார்.

இப்போது அவள் அதே பட்டறையின் பின்கட்டில், பாதிச் சம்பளத்துக்கு மெத்தைகளில் பஞ்சு திணித்துக்கொண்டிருக்கிறாள்.