பின்னறைக்குப் போன வைஃபை

“…தோற்கப்போறன் எண்டு தெரிஞ்ச உடனை லைனை வெட்டிப்போட்டு ஓடுற ஆள் நானில்லை. நீங்களாவது நம்புறியளோ, தம்பி?”

கையில் ரப்ளெட்டை ஏந்திக்கொண்டு ஹோல் வாசலில் நின்று கேட்டவர் மாமா. என் மனைவியின் அப்பா. திரையில் மூன்று கிழவர்களின் முகங்கள் உறைந்துபோய் இருந்தன. ஒருவர் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார். அவர் என்ன சொல்ல வாய் திறந்தார் என்பது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நம்புகிறேன் என்றேன். மருமகன் வேறென்ன சொல்வது?

மாமி காலமானபிறகு மாமா மெல்பேர்னில் நோபல் பார்க் வீட்டைக் காலி செய்துவிட்டு, டூங்கபியில் எங்களுடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வளவின் பின்பக்கத்தில் தனியாக ஒரு அறை கட்டியிருந்தோம். வெளிச்சம், ஜன்னல், பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி, எல்லாம் சரி. வைஃபை மட்டும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. அதுதான் மாமாவுக்கு முக்கியம். சனிக்கிழமை காலையில் அவருக்கு முன்னூற்றிநாலு இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னூற்றிநாலு என்பது யாழ்ப்பாணத்து ஆண்கள் நாலு பேர் சேர்ந்தால் தானாக முளைக்கிற சீட்டு விளையாட்டு, எங்கள் பாஷையில் காட்ஸ். எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சி. மாமாவின் கட்சிக்காரர் ரொறன்ரோவில் இருந்தார், பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். எதிர்க்கட்சியில் ஒருவர் லண்டன், மற்றவர் பழைய நோபல் பார்க் அயலவர். காட்ஸ் ஒரு செயலியில், முகங்கள் வீடியோவில். மாமா அதற்கு வெளியில் போகிறவர் மாதிரி ஷேர்ட் போட்டு, தலை சீவி, பவுடரும் பூசிக்கொண்டு இருப்பார். கிழமை முழுக்க அவர் வேறு யாரோடும் இவ்வளவு சிரித்து நான் கண்டதில்லை.

ஆகவே வைஃபையைப் பின்னுக்குக் கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு இதில் படிப்பு ஒன்றும் கிடையாது. வீடியோ பார்த்தும் ஆட்களைக் கேட்டும் பழகியதுதான். ஆட்களைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். வென்ட்வேர்த்வில்லில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், வைஃபை என்பது கருவாட்டு வாசம் மாதிரி, கதவைத் திறந்துவிட்டால் தானே போகும் என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு அன்ரி, தன் மகன் மோடத்தைக் கோயில் லவுட்ஸ்பீக்கர் மாதிரிக் கூரையில் கட்டியிருப்பதாகச் சொன்னா. என் மனைவி, சாமியறையில் வைத்தால் எல்லா இடமும் நிறையும் என்றாள். அவள் பகிடிக்குச் சொன்னாளா நம்பிச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் வைஃபை அலையை வாங்கித் திருப்பி அனுப்புகிற ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். அதை மாமாவின் அறைக்குள்ளேயே ப்ளக்கில் செருகிப் பூட்டினேன். அது பச்சை விளக்கோடு அழகாக எரிந்தது, ஒன்றும் வரவில்லை. பிறகுதான் விளங்கியது. வைஃபை வராத இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அந்தப் பெட்டி எதை வாங்கி எதைக் கொடுக்கும்? பட்டினி கிடப்பவனைப் பந்தி பரிமாறச் சொன்ன கதை. மோடத்துக்கும் மாமாவுக்கும் நடுவில் அல்லவா அது இருக்கவேண்டும்!

எங்கள் வீட்டில் நடு இடம் கராஜ். அதற்குள் கார் நின்றது கிடையாது. நண்டு, கணவாய், கருவாடு எல்லாம் சமைக்க அங்கேதான் இரண்டாவது குசினி வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் வீட்டுக் காப்பெற் ஒரு மாதத்துக்கு நண்டு மணக்கும். கராஜ் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுவிட்சோடு இரட்டைப் ப்ளக் ஒன்று இருந்தது. ஒன்றில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில், மற்றதில் பெட்டியைச் செருகினேன். பின்னறையில் வைஃபை பாய்ந்தது. மாமா அன்று முழுக்க பழைய தவில் கச்சேரி பார்த்தார்.

ஆனால் சனிக்கிழமை அறுந்தது. அடுத்த சனியும் அறுந்தது. கிழமை நாட்களில் ஒரு தடங்கலும் இல்லை. சனிக்கிழமை, அதுவும் விளையாட்டின் நடுவில், அதுவும் மாமா தோற்கிற நேரம் பார்த்துத்தான் அறும். நான் ஓடிப்போய் ஹோலில் மோடத்தை நிறுத்தி, திருப்பிப் போட்டு, ஏதோ செய்வேன். சிறிது நேரத்தில் எல்லாம் தானாக வந்துவிடும். அதற்குள் அங்கே ஆட்டம் குழம்பிப் போயிருக்கும்.

மற்ற மூவரும் முதலில் சிரித்தார்கள். பிறகு நோபல் பார்க்காரர், “கை நல்லாயிருந்தா இவரின்ரை லைனும் நல்லாயிருக்கும்” என்று சொல்லிக்காட்டினார். மாமா ரப்ளெட்டோடு ஹோல் வாசலில் வந்து நின்ற அன்று, திரை உறைந்து திரும்பி வந்தபோது, ரொறன்ரோக்காரர் சிரிக்கவில்லை.

“மச்சான், இஞ்சை ஒரு ரிட்டையர்ட் போஸ்ற்மாஸ்ரர் எப்ப கூப்பிடுவியள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறார். வாற சனியும் அறுந்துதெண்டா நான் உன்ரை இடத்திலை அவரை இருத்திப்போடுவன். பிறகு என்னோடை கோவிக்கக்கூடாது.”

மாமா அன்று மத்தியானம் மீன் குழம்பைத் தொடவில்லை. காட்ஸை விட்டாலும் விடலாம், கள்ளன் என்ற பேரோடு விடமுடியாது என்று மனைவியிடம் சொன்னாராம். அவள் என்னிடம் வந்து, “இஞ்சேருங்கோ, அப்பாவை அந்தக் காட்ஸ் கதிரையிலையிருந்து எழுப்பினா அவர் பிறகு இருக்கமாட்டார்” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை நான் கராஜிலேயே காவல் இருந்தேன். சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று வெங்காயம் உரித்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பின்னறையிலிருந்து மாமாவின் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்புக் குறைந்தது. பிறகு அறவே நின்றது. செருப்புச் சத்தம் கேட்டது. மாமா கோப்பையோடு கராஜுக்குள் வந்தார்.

“தொண்டை காஞ்சு போச்சு. ஒரு பிளேன்ரீ.”

அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. வெல்லும்போது மாமாவுக்குத் தொண்டை காய்வதில்லை. தோற்கும்போதுதான் பால் விடாத பிளேன்ரீ தேவைப்படுகிறது. கேத்தில் கொதித்தது. ஊற்றினார், சீனி போட்டார். பிறகு, மூளைக்கு ஒரு வேலையும் கொடுக்காமல், அந்த இரட்டைப் ப்ளக்கின் இரண்டு சுவிட்சுக்கும் மேலாக இரண்டு விரல்களை நீட்டினார்.

ஒரு மருமகன் மாமனாரின் கையை அப்படி எட்டிப் பிடிக்கக்கூடாது. பிடித்தேன்.

சுவிட்சைத் திறந்துவிட்டால் கறண்ட் சொட்டிச் சொட்டி ஒழுகும் என்று நம்புகிற தலைமுறை அது. ஆள் இல்லாத இடத்தில் ஒரு சுவிட்சும் விழித்திருக்க மாமா விடமாட்டார். கிழமை நாட்களில் அவருக்குத் தேத்தண்ணி வீட்டுக் குசினியில் மகள் போட்டுக் கொடுப்பாள். சனிக்கிழமை மட்டும் கராஜில் அவரே போடுவார், போட்டபின் இரண்டையும் நிறுத்துவார். பிறகு நண்டு பொரிக்க வருகிற என் மனைவி எது எதற்கென்று பாராமல் இரண்டையும் தட்டிப் போட்டுவிடுவாள். நான் ஹோலில் மோடத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, வெற்றி என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமா என் கையையும் பச்சை விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். “உதாலையோ அறுந்தது?” என்றார். ஓம் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “ஒருத்தரும் அறியவேண்டாம்.”

பெட்டியின் சுவிட்ச் அசையாதபடி அதன்மேல் நான் ஒட்டுநாடா ரேப் ஒட்டினேன். மாமா திரையின் முன் போய் இருந்து, மருமகன் பெட்டியைப் பிழையாகப் பூட்டிவிட்டார், இப்போது திருத்தியாகிவிட்டது என்று அறிவித்தார். நான் மிச்ச வெங்காயத்தை உரித்தேன். அன்றும் அறவில்லை, அதற்கடுத்த சனிகளிலும் அறவில்லை. தோற்றபோதும் இருந்து கடைசிவரை தோற்றார். ஒருநாள் ரொறன்ரோக்காரர் எல்லோர் முன்னும், தான் சொன்னது பிழை என்றார். “இனி உன்ரை லைன் அறுந்தா அது லைனிலைதான் பிழை, உன்னிலை இல்லை மச்சான். இந்தக் கதையை இனி ஒருத்தரும் எடுக்கக்கூடாது.” மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

போன சனிக்கிழமை நான் கராஜில் நண்டு கழுவிக்கொண்டிருந்தேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது. நோபல் பார்க்காரர் இத்தனை புள்ளி எடுப்பேன் என்று பெரிய கேள்வி ஒன்று கேட்டுவிட்டு, துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு மாமாவைக் கிண்டல் செய்வது கேட்டது. மாமாவின் சிரிப்பு நின்றது.

“நான் ஓடுற ஆளில்லை. பொறுங்கோ, தொண்டை காயுது” என்றார்.

வந்தார். பிளேன்ரீ ஊற்றினார், சீனி போட்டார், கேத்திலை நிறுத்தினார். நண்டு நல்ல சதையாக இருக்கிறதா, தம்பி, திருப்பிப் பாருங்கோ என்றார். நான் நண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, மாமா நகத்தால் ரேப்பின் ஓரத்தை மெல்லக் கிளப்பி, பெட்டியின் சுவிட்சை ஒரு விரலால் அழுத்தி நிறுத்தி, ரேப்பை எடுத்த இடத்திலேயே திருப்பி ஒட்டித் தடவிவிட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆறுதலாகப் பின்னறைக்கு நடந்தார்.