விளக்கெண்ணெய் கலந்த வர்ணம்

பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில், சித்திரை மாத உச்சி வெயிலில், கோகிலாம்பாளுக்குச் செருப்பு வார் அறுந்துபோயிற்று. தார் ரோடு கொதித்துக் கிடந்தது. பக்கத்தில் நின்ற பரளச்சி ஊர்க்காரி ஒருத்தி தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். பேர்கூடச் சொல்லவில்லை.

அவள்தான் முத்துலட்சுமி. நாலு வருசம் கழித்து கோகிலாம்பாளின் நோட்டுப் புத்தகக் கடைக்கு வந்தபோது, பார்த்ததும் கோகிலாம்பாள் அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் அவள் முகத்தில் உயிரே இல்லை. ஐப்பசி மழையில் ஆடு பத்திவரப் போன ஒரே மகன் மருதுபாண்டி, இடி விழுந்து செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. படமெல்லாம் இருந்த செல்லும் அவனோடு கருகிப்போனது. மிஞ்சியது ஆதார் அட்டைப் படம்தான்.

"ஸ்டுடியோவுல பெருசாக்கிக் குடுத்தாக அக்கா. போலீஸ் ஸ்டேசன்ல ஒட்டுற படம் மாதிரி இருக்கு. எம்புள்ள காட்டுல நின்னு சிரிப்பான்ல, அது வேணும். மொத திதிக்குள்ள நானே வரைஞ்சிருவேன். ஆயில் பெயிண்டு வாங்கித் தாங்க."

பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் வர்ணம் பூசியதைத் தவிர அவள் பிரஷ் பிடித்தவள் இல்லை. கோகிலாம்பாள் மதுரையிலிருந்து வர்ண ட்யூபுகள் வரவழைத்துக் கொடுத்தாள். செல்போன் வீடியோவில் யாரோ புரியாத பாஷையில் பேசிக்கொண்டு வரைந்தார். முத்துலட்சுமி அவர் கையை மட்டும் பார்த்துப் படித்தாள்.

கரிசல் காடும் உடைமரமும் சீக்கிரம் வந்துவிட்டன. ஆள்தான் வரவில்லை. புருசன் இன்பராஜ் எட்டிப் பார்த்தார்.

"ஏ புள்ள, நம்ம பிஞ்சையில எவன் பொம்மை நட்டது? காக்கா பயப்படுமா?"

அது மகன் என்று தெரிந்ததும், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிறகு ஒருநாள் வண்டிப்பாதையில் நின்று, போகிற வருகிற ஆட்களைப் பார்த்தாள். கிட்டத்தில் வருகிறவர் தலையும் தூரத்தில் போகிறவர் தலையும் வானம் நிலத்தைத் தொடுகிற கோட்டில்தான் இருந்தன. அதன்படி வரைந்ததும் மகன் மண்ணில் கால் ஊன்றி நின்றான். முகம்தான் பாக்கி. ட்யூபு வர்ணம் இறுகலாக இழுத்தது. வீடியோக்காரர் சின்னக் கிண்ணத்து எண்ணெயில் பிரஷைத் தொட்டுக்கொள்வாரே, அது என்ன எண்ணெய் என்று கோகிலாம்பாளிடம் கேட்டாள்.

கோகிலாம்பாள் அப்போதுதான் கடைப் பிள்ளையாருக்கு விளக்கேற்றி முடித்திருந்தாள். கையிலிருந்த பாட்டிலை அப்படியே நீட்டினாள்.

"எண்ணெயில என்ன தாயி இருக்கு? சாமிக்கு ஊத்துற விளக்கெண்ணெய். உம்புள்ளைக்கு ஆகாதா?"

அந்த எண்ணெயில் வர்ணம் வெண்ணெயாக வழுக்கியது. அன்றைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் காயவில்லை. காடு காய்ந்தது, வானம் காய்ந்தது, அவன் முகம் மட்டும் ஈரமாகவே கிடந்தது. வெயிலில் வைத்தாள், எறும்பு ஏறியது. ஆடிக் காற்றில் கரிசல் புழுதி பறந்து வந்து முகத்தில் அப்பியது. திதிக்குப் பத்து நாள் இருக்கையில் படத்தைக் கடைக்குத் தூக்கி வந்தாள். கோகிலாம்பாள் மதுரைக் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"விளக்கெண்ணெயா? அது எந்தக் காலத்துலயும் காயாதும்மா. தொடைச்சுட்டு, ஆளிவிதை எண்ணெய் கலந்து மறுபடி போடச் சொல்லுங்க."

 கோகிலாம்பாளுக்குப் பிள்ளையாரை ஏறிட்டுப் பார்க்கவும் கூசியது. முத்துலட்சுமி படத்தை எடுத்துக்கொண்டு போனாள். துணியால் மகனைத் துடைத்தாள். புது எண்ணெய் வந்தது. பத்து நாளும் வரைந்து வரைந்து அழித்தாள். அந்தச் சிரிப்பு திரும்ப வரவே இல்லை. கடைசியில் உடம்பின் மேலும் வர்ணம் பூசிக் காடாக்கிவிட்டாள்.

திதி அன்று, ஆளில்லாத காட்டுப் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். கும்பிட்டுவிட்டுக் கிளம்பிய கோகிலாம்பாளோடு முத்துலட்சுமி பரளச்சி பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தாள். மறு வாரமே புருசனோடு திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்; அதற்கப்புறம் இருவரும் சந்திக்கவில்லை.

"நாந்தான தாயி அந்த எண்ணெயக் குடுத்தேன். நல்லா நாலு வார்த்தை வைஞ்சிரு" என்று கோகிலாம்பாள் அன்று பஸ் ஸ்டாப்பில் அழுதாள்.

"உங்க மேல ஒண்ணுமில்லக்கா. காயாம இருந்த வரைக்கும், கன்னத்தைத் தொட்டா வெரல்ல ஒட்டுவான். அப்பிடியே விட்ருக்கணும். தொடைச்சதுதான் தப்பு, அதைச் செஞ்சது நாந்தான. பஸ்ஸு வருது, ஏறுங்க."