குஞ்சுகள் மேலே வரும் நேரம்

என் அண்ணை கடல் தொழில் செய்பவர். நான் ஊர்காவற்றுறையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

போன வருடம் கடலை ஆராய வந்தவர்களோடு நானும் வள்ளத்தில் போனேன். ஆழம் மூன்று பாகம், மூன்று ஆள் உயரம்தான் இருக்கும். பகலில் துணி போன்ற மெல்லிய வலையை மேலாக இழுத்தால் வெறும் தண்ணீர். அடிக்குக் கிட்ட இழுத்தால் கண்ணாடி மாதிரி மீன்குஞ்சுகள். பொழுதுபட்ட பிறகு அதே வலை மேலேயே நிறைந்து வந்தது. பகல் வெளிச்சத்தில் பெரிய மீன்கள் கண்டு தின்றுவிடும் என்று கீழே பதுங்கியிருந்து, இருட்டியதும் இரை தேடி ஏறுகின்றனவாம். அரிசியளவு உடம்பு, அதற்குள் அவ்வளவு பயம்!

அண்ணை அப்போதுதான் விளக்கு வைத்துச் சின்னக்கண் வலை வளைக்கத் தொடங்கியிருந்தார். விளக்குக்கு வருவது குஞ்சுகள்தான், விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தபடி கேட்டார்:

"எத்தினை மணிக்கு மேலை வருங்கள்?"

"பொழுதுபட்டு ஒரு மணித்தியாலத்துக்குள்ளை. நிலவெண்டால் அவ்வளவு வராது."

வகுப்பில் ஒரு பிள்ளை ஆர்வமாகக் கேட்டது போல இருந்தது. மடைச்சி நான், எந்த இடத்தில் கூடுதலாகக் கிடந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த கிழமை காலையில் ஒரு பை நிறையக் கறிக்குக் கொண்டுவந்தார். தொழில் முடிந்து வந்ததும் கூடப்பிறந்தவர்களுக்குக் கறிக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்றதாகிவிடும்.

"நல்ல நெத்தலி" என்றார்.

கொட்டிப் பார்த்தேன். நெத்தலி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பெரிதாக வளரவேண்டிய விளைமீனும் ஓராவும், நகத்தளவில்.

"அண்ணை, இது குஞ்செல்லோ! நிப்பாட்டுங்கோ எண்டுதானே சொன்னனான்?"

"நான் விட்டால் இழுவைப் படகுக்காரன் அடியோடை வழிச்சுக்கொண்டு போவான். நிப்பாட்டச் சொன்ன நீ, ஏன் நேரம் சொன்னனீ?"

இழுவைப் படகைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. கொட்டியதை அள்ளிச் சமைத்தேன். சட்டியை மூடி வைத்துவிட்டு வெறும் சோற்றைத் தின்றேன்.

தங்கச்சி படித்தவள், இடமும் நேரமும் அவள்தான் சொன்னாள் என்று அண்ணை வள்ளங்கள் கட்டும் துறையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இப்போது பொழுதுபட்டுச் சமைக்க நின்றால் என் குசினி யன்னலில் கடல்மேல் ஆறேழு விளக்குகள் தெரிகின்றன, எல்லாம் நான் சொன்ன இடத்தில். அந்தக் குஞ்சுகள் எல்லாரிடமிருந்தும் ஒளித்துத்தான் வாழ்ந்தன. காட்டிக்கொடுத்தவள் நான்.