மாதா அனுப்பிய பல் டாக்டர்

அன்று கெப்பாலா பத்தாஸ் ஊர்ப் பக்கம் வெள்ளம். ஒரு பள்ளி மண்டபத்தில் ராணுவம் நிவாரண முகாம் போட்டிருந்தது. தாதியருக்குத் தலைவி நான்; பதவி மேஜர். பட்டாளத்திலேயே தலை நரைத்தவள். கால் கொப்புளம், எலும்பு முறிவு, மலேரியா எல்லாம் பார்த்தாயிற்று. பிரசவம் மட்டும் பயிற்சிக் காலத்தோடு சரி. சிப்பாய்களில் யார் பிள்ளை பெறுகிறார்கள்?

மதியம் பவானி என்ற நிறைமாதப் பெண்ணுக்கு வலி கண்டது. சாலை மூழ்கியதால் ஆம்புலன்ஸ் வரவில்லை. முகாமில் மின்சாரமும் இல்லை.

"அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகாதுதானே?" என்று என் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணும் ஆகாது லா. நான் மேஜர்!" என்றேன்.

பக்கத்து அறையில் முழங்காலிட்டேன். "மாதாவே, பிரசவ டாக்டர் வேண்டும். வெளிச்சம் வேண்டும். உடனே!" ஜெபம் கட்டளையாகத்தான் வந்தது.

வெளியே வந்தால், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு ராணுவ லாரி. மருத்துவப் படைச் சின்னத்தோடு கேப்டன் ரவி என்பவர் இறங்கினார்.

"டாக்டர்தானே?" என்றேன்.

"டாக்டர்தான் மேடம். பல் டாக்டர்."

"இங்கே பிரசவம்!"

"பிள்ளைக்கு இன்னும் பல்லே இருக்காதே மேடம்!"

மேலே என் ஜெபத்தை யாரோ தப்பாக எழுதிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். அழுகை வந்தது. பிறகுதான் லாரிக்குள் எட்டிப் பார்த்தேன். அது நடமாடும் பல் சிகிச்சை வண்டி. ஜெனரேட்டர், பளீரென்ற விளக்கு, சாய்கிற நாற்காலி, எச்சில் உறிஞ்சும் குழாய்!

பவானியை நாற்காலியில் சாய்த்தோம். கேப்டன் பழக்கதோஷத்தில், "பெரிசா வாயைத் திறங்கம்மா" என்றார். வலியிலும் அவள் முறைத்தாள்.

ஆண் குழந்தை. ஆனால் அழவில்லை. உடம்பு நீலம் பாரித்திருந்தது. கேப்டன் குழாயின் வேகத்தைக் குறைத்து குழந்தையின் வாயை மெல்லச் சுத்தம் செய்தார். நான் முதுகைத் தேய்த்தேன். "இயேசுவே" என்று மட்டும் சொன்னேன். குழந்தை வீறிட்டது.

கேப்டன் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். "என் நாற்காலியில ஒரு ஆள் அழுததுக்கு இன்னைக்குத்தான் சந்தோஷப்படறேன் மேடம்."

தாயும் பிள்ளையும் நலம். நான் மறுபடியும் பிரசவப் பயிற்சியில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாரும் என் மகள் வயது. இப்போதெல்லாம் ஆண்டவருக்கு நான் உத்தரவு போடுவதில்லை. கேட்கிறேன், காத்திருக்கிறேன்.

அன்பானவர்களே, நீங்களும் நம்பிக் கேளுங்கள். ஆனால் எந்த டாக்டர் வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.